ஊரறமும் ஐந்தொகையும்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் கொடுத்தலையே பேசுவன போலத் தோன்றினும், அவற்றை இரண்டாக வகுத்தமைக்குக் காரணம் உண்டு. ஈகையாவது, இல்லையென்று வந்தார்க்கு ஒருவர் மனமுவந்து கொடுப்பது. ஒப்புரவாவது, ஊரோடு வாழும் ஒருவர் அவ்வூர்க்குச் செய்யவேண்டிய கடன். முன்னையது கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. பின்னையது வழக்கமாய் ஊன்றி நிற்பது. நலிந்தோரைத் தாங்கும் சிறு சங்கங்களின் பொருள்நிலையை ஆராயப் புகுவார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். ஒரு சங்கத்துக்கு எத்தனை ரூபா வந்தது என்பதினும், அது ஈகையாய் வந்ததா, ஒப்புரவாய் வந்ததா என்பதே பெரும்பாலும் அச்சங்கத்தின் ஆயுளை நிர்ணயிக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழைப் பிரதேச செயலர் பிரிவில் அமைந்த அளவெட்டி இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் ஊர். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலாலும் அருணோதயக் கல்லூரியாலும் அறியப்படுவது. தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தியையும் நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனையும் கவிஞர் மகாகவியையும் தந்தது. இத்தகைய ஊரிலே கோயிற் சபை, சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், முதியோர் சங்கம் எனச் சங்கங்களுக்குக் குறைவில்லை. குறைவு வேறோரிடத்தில் உள்ளது.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 1996 ஏப்ரலுக்குப் பின்னரே பெரும்பாலார் மீளலாயினர். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாய்க் கிடந்தமையால் மல்லாகம், சுன்னாகம் முதலிய அயலூர்களில் அமைந்த அகதி முகாம்கள், 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் பல ஆண்டுகள் கலையாது நின்றன. இவ்வரலாறு இப்பகுதியில் நால்வகை மக்களை விட்டுச் சென்றுள்ளது. கணவனை இழந்தோ காணாமற் போக்கியோ குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் ஒரு சாரார். கண்ணிவெடியாலும் எறிகணையாலும் உறுப்பிழந்தோர் மற்றொரு சாரார். மனம் நொந்து வீட்டினுள் ஒடுங்கியோர் வேறொரு சாரார். பிள்ளைகள் எல்லாரும் கடல்கடந்து வாழ, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் நான்காம் சாரார். இவருள் கடைசியாகக் கூறியோரை வறியோர் என எவரும் எண்ணார். மாதந்தோறும் வங்கிக்குப் பணம் வருகின்றது. வாசலுக்கு ஆள் வருவதில்லை. ஆகவே, நலிவு என்பதை வறுமையொன்றாலேயே அளக்கும் சங்கம் இவரைக் காணமாட்டாது.

யாழ்ப்பாணத்தார்க்கு இத்தகைய பணி புதிதன்று. 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பாரின் முயற்சியால், பிரெண்ட்-இன்-நீட் சங்கம் என்னும் தருமச் சங்கம் யாழ்ப்பாண நகரிலே ஒரு வைத்தியசாலையை நிறுவியது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. 1907இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒரு சங்கத்தின் தோளில் இருந்த சுமை அன்று அரசின் தோளுக்கு மாறியது. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஆறுமுக நாவலர் நடாத்திய கஞ்சித்தொட்டித் தருமமும் நினைக்கத்தக்கது. முன்னையது நிலையமாய் வளர்ந்தது. பின்னையது இடர் நீங்கும் வரை நடந்து தன் பணியை முடித்தது. இரண்டும் சிறந்த அறங்களே. ஆயின் அவற்றுக்கு வேண்டிய பொருள் ஒரே வகையானதன்று. பஞ்சத்துக்கு ஒருமுறை திரண்டு வரும் பணம் போதும். நாட்பட்ட நோய்க்கும் நாட்பட்ட துயருக்கும் அது போதாது. 1930களில் தோன்றிய மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை இதனை நன்குணர்ந்து, உறுப்பினர் என்னும் அடித்தளத்தின் மீது தன்னை அமைத்துக்கொண்டது.

அளவெட்டிக்கு அயலிலே, தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தில், இவ்விருவகை வழிகளும் ஒன்றுகூடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி 1977இல் அத்தேவஸ்தானத்தின் தலைமையை ஏற்றார். 1982இல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லம் தொடங்கப்பெற்றது. கோயிலுக்கென வரும் பொருளிலிருந்து பிள்ளைகளின் ஊணும் உடையும் கல்வியும் பெறப்படலாம் என்பதை அவர் செய்து காட்டினார். 2008இல் அவர் மறைந்த பின்னரும் இல்லம் நின்றுவிடவில்லை. ஒருவருடைய பேச்சுவன்மையாலும் பெயராலும் திரண்ட பொருள், அவர் மறைந்தவுடன் சிதறுவதே உலகியல். இங்கே அது நிகழாமைக்கு ஒரு காரணம், கொடை தனிமனிதர் கையிற் சேராது கோயில் என்னும் நிலைத்த அமைப்பின் கணக்கிற் சேர்ந்தமையாகும்.

கோயிலைச் சார்ந்த இல்லங்களுக்கு வேறொரு வசதியும் உண்டு. யாழ்ப்பாணத்தார் திருவிழாவை உபயம் உபயமாகப் பகுத்து, இன்ன நாள் இன்ன குடும்பத்துக்குரியது என்று வகுத்துப் பழகியவர்கள். அப்பழக்கமே சிறுவர் இல்லங்களிலும் முதியோர் இல்லங்களிலும் ஒருநாள் உணவு என்னும் கொடையாய் மாறியுள்ளது. பிறந்தநாள், திருமண நாள், தந்தையின் திதி ஆகிய நாள்களில் ஒரு குடும்பம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு உணவளிக்கின்றது. லண்டனில் இருப்பவரும் தொறன்ரோவில் இருப்பவரும் இவ்வாறு ஆண்டுக்கொரு நாளைத் தம்முடையதாக்கிக்கொள்கின்றனர். ஆண்டுக்கு 365 நாள். அத்தனையும் உபயகாரரைப் பெற்றுவிட்டால் சோற்றுக் கவலை தீர்ந்தது. ஈகையை ஒப்புரவாக மாற்றும் இவ்வுபாயத்தை எவரும் திட்டமிட்டு வகுத்ததாகத் தெரியவில்லை. வழக்கமே அதனைக் கண்டுபிடித்தது எனலாம்.

ஆயினும், இதன் எல்லையும் இங்கேயே புலனாகின்றது. தந்தையின் திதியன்று பிள்ளைகளுக்குச் சோறிட விரும்புவார் பலர். அத்திதியன்று சமையற்காரியின் மாதச் சம்பளத்தைக் கொடுக்க விரும்புவார் யார்? மின்கட்டணம், கூரை ஓடு மாற்றல், கணக்காய்வாளர் கூலி என்பவற்றுக்கு உபயகாரர் கிடைப்பதரிது. கட்டடத்துக்குக் கல்லிலே பெயர் பொறிக்கலாம். சக்கர நாற்காலியின் முதுகிலே பெயர் எழுதலாம். ஒரு தொண்டர் மிதிவண்டியிற் சென்று தனித்திருந்த ஒரு மூதாட்டியோடு ஒரு மணிநேரம் பேசியிருந்து மீண்டாராயின், அப்பணியைப் படம்பிடிப்பதும் இயலாது. பெயர் பொறிப்பதும் இயலாது. உடல்நலத்துக்கான பொருளினும் உளநலத்துக்கான பொருள் திரட்டற்கரியதாய் இருப்பதன் காரணம் இதுவே.

தெல்லிப்பழையிலே அமைந்த புற்றுநோய் வைத்தியசாலையை இதற்கு மாறான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தென்கோடித் தெவுந்தரையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை ‘ட்ரெயில்’ என்னும் நடைப்பயணம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, வழியெங்கும் பொதுமக்களிடம் சேர்த்த பணத்தால் அவ்வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. சிங்கள ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் சிறுவர் தம் உண்டியற் காசையும் கொண்டுவந்து கொடுத்தனர். பெருமைக்குரிய செயல் அது. ஆயின் அங்கே பணிபுரியும் வைத்தியர்க்கும் தாதியர்க்கும் மாதந்தோறும் சம்பளம் கொடுப்பது அரசின் சுகாதாரத் துறை. ஒருமுறை எழும் பேரெழுச்சி கட்டடத்தைத் தரும். கட்டடத்தினுள்ளே மனிதர் நிற்பதற்கு வேறோர் ஊற்று வேண்டும். ஊர்ச் சங்கத்துக்குப் பின்னால் அத்தகைய துறை எதுவும் இல்லை.

உளநலப் பணி என்பது இங்கே யாது என்று விளக்குதல் தகும். யாழ்ப்பாணத்திலே 1987இல் தோன்றிய சாந்திகம் என்னும் நிறுவனமும், வைத்திய கலாநிதி தயா சோமசுந்தரம் முதலானோரும் போர்க்காலத்து மக்களின் உளவடுவை ஆராய்ந்து, உளவளத்துணையாளரைப் பயிற்றினர். அவர் எழுதிய ‘மனவடு’ என்னும் தமிழ் நூல் 1993இல் வெளிவந்தது. போர் ஒருவருடைய மனத்தை மாத்திரமன்றிக் குடும்பம், அயல், ஊர் என்னும் பிணைப்புகளையும் சிதைக்கின்றது என்பது அவர்தம் ஆய்வின் சாரம். அப்பிணைப்புகளை மீட்டலே மருந்தின் பெரும்பகுதியாயின், அம்மருந்தை ஊரவரே கொடுத்தல் வேண்டும். கடும் நோயுற்றாரைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பலாம். மருந்து பெற்று வீடு திரும்பியவர் தவணைப்படி மீண்டும் செல்கின்றாரா, உண்கின்றாரா, உறங்குகின்றாரா என்று பார்ப்பதற்கு வைத்தியசாலை வாசல்தோறும் வரமாட்டாது. அவ்விடைவெளியே சிறு சங்கத்தின் களம்.

இக்களத்திலே பொருள் நின்றுபோவதால் விளையும் தீங்கு தனித்தன்மை உடையது. அரிசி கொடுத்தல் நின்றால் பசி மீளும், அவ்வளவே. நாலு பேர்மேல் நம்பிக்கை இழந்த ஒரு பெண்ணிடம் ஆறு மாதம் கிழமைதோறும் சென்று, அவள் வாய்திறந்து பேசத் தொடங்கிய வேளையில், திட்டப் பணம் முடிந்ததென்று தொண்டர் வராது விட்டாராயின், முன்னிருந்த நிலையினும் அவள் கீழே போவாள். முன்னரே விட்டுச் சென்றோர் பட்டியலில் இன்னொரு பெயர் கூடுகின்றது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் வடக்குக் கிழக்கிற் புகுந்த பல திட்டங்கள் ஓராண்டு, ஈராண்டு என்னும் தவணையோடு வந்தன, தவணையோடே சென்றன. அத்திட்டங்கள் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், தொடங்கும்போதே முடிவுநாள் குறிக்கப்பட்ட பணத்தைக் கொண்டு, முடிவுநாள் குறிக்கவியலாத பணியைத் தொடங்குதல் அறமாகுமா என்பதை ஒவ்வொரு நிருவாக சபையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின், பொருளுக்கு வழி யாது? யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. அது பிடியரிசி. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாடோறும் வேறு பானையில் இட்டுவைப்பர் வீட்டுப் பெண்கள். கிழமைக்கொருமுறை சங்கத்தார் வந்து சேர்த்துச் செல்வர். பாடசாலைகளும் மடங்களும் இவ்வாறு வளர்க்கப்பட்டன. ஒரு பிடி எடுத்ததால் எவ்வீட்டிலும் உணவு குறைந்ததில்லை.

இதனை இன்றைய ரூபாயில் வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரிலே 200 குடும்பங்கள் மாதம் 100 ரூபா சந்தா கொடுக்கின்றன எனக் கொள்வோம். மாதத்துக்கு 20,000 ரூபா. ஆண்டுக்கு 2,40,000 ரூபா. இதே வருவாயை வட்டியாகப் பெறவேண்டுமாயின், நூற்றுக்கு 8 வீத வட்டியில் 30 இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் இடவேண்டும். 30 இலட்சம் தரவல்ல வள்ளல் ஒருவரைத் தேடி வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் சங்கம், தன் ஒழுங்கைகளிலேயே அந்த 30 இலட்சமும் சிதறிக் கிடப்பதை அறியாதிருக்கின்றது.

சந்தாவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் அது தோன்றாது. சந்தா சேர்ப்பவர் வீடுவீடாகச் செல்கின்றார். எவ்வீட்டுப் படலை மூன்று நாளாகத் திறக்கப்படவில்லை, எவ்வீட்டு முற்றம் கூட்டப்படவில்லை, யார் மெலிந்து போயினார் என்பதை அவர் கேளாமலே காண்கின்றார். சென்ற மாதம் வரை முகமலர்ந்து கொடுத்தவர் இம்மாதம் கதவுக்குப் பின்னின்று பேசினால், அங்கே ஏதோ நேர்ந்துள்ளது. ஆகவே பணம் சேர்க்கும் செயலே பணியின் முதற்படியாகின்றது. வங்கியினூடாக மாதந்தோறும் தானே வந்து சேரும் பணம் எவ்வளவு பெரிதாயினும் இக்கண்கள் அதற்கில்லை.

எனினும், புலம்பெயர்ந்தோர் பணத்தை இகழ்தல் பேதைமை. 2022ஆம் ஆண்டு நாட்டுக்கு நேர்ந்த பொருளாதார நெருக்கடி இரு பணங்களின் இயல்பையும் உரைத்துக் காட்டியது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செத்தெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களில் அது 94.9 வீதம். வட்டியை நம்பி நிலையான வைப்பில் இடப்பட்ட அறநிதிகளின் வாங்குதிறன் கண்முன்னே கரைந்தது. உள்ளூர்ச் சந்தாவும் தளர்ந்தது. கொடுத்தவர்களே கேட்கும் நிலைக்கு வந்தனர். அவ்வேளையில் வெளிநாட்டிலிருந்து வந்த அதே நூறு டொலர் முன்னையினும் ஏறக்குறைய எண்பது வீதம் கூடுதலான ரூபாவாய் மாறியது; அரிசி விலையும் அதற்கொப்ப ஏறியமையால் பழைய அளவு அரிசியையேனும் அது வாங்கியது. ஆதலின் வெளிநாட்டுப் பணம் ஊரின் நெருக்கடியிலிருந்து ஊரைக் காக்கும் பணம் எனலாம். கனடாவிலோ பிரித்தானியாவிலோ வாழ்க்கைச் செலவு ஏறும்போது இதே உறவு மறுதலையாகும். மேலும், ஊரைக் கண்ணாற் கண்ட தலைமுறை அங்கே முதுமையடைந்து வருகின்றது. அவர்தம் பிள்ளைகள் அளவெட்டியை ஒரு பெயராகவே அறிவர். இன்று வரும் பணத்தை இன்றைக்கே செலவிட்டுவிடும் சங்கம் இருபதாண்டின் பின் யாரிடம் கேட்கும்? அப்பணத்தில் ஒரு பகுதியையேனும் சேமநிதியாக வைத்து, அன்றாடச் செலவை ஊர்ச் சந்தாவாலே நடத்துதல் விவேகம்.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறைக்காது கூறவேண்டும். சந்தா என்பது கொடுப்போரை உறுப்பினராக்குகின்றது. கொடாதாரைப் புறத்தே நிறுத்துகின்றது. மரண சகாய சங்கங்களிலே இது வெளிப்படை. மாதச் சந்தாவை ஒழுங்காய்ச் செலுத்தியவர் வீட்டில் இழவு நேர்ந்தாற் சங்கம் பணமும் கதிரையும் பந்தலும் கொண்டு ஓடி வரும். செலுத்தாதவர் வீட்டுக்கு அவ்வுரிமை இல்லை. ஒருவர்க்கொருவர் உதவும் சங்கத்துக்கு அது நியாயமே. நலிந்தோர்க்கு உதவும் சங்கத்துக்கோ அது முரண். யாருக்கு உதவி மிகத் தேவையோ அவரே சந்தா கட்டவியலாதவர். இதனோடு சாதிப் பிரிவும் சேர்ந்துகொள்ளும். ஒழுங்கைக்கொரு சங்கமும் பகுதிக்கொரு நிலையமும் அமைந்த ஊர்களில், ‘எங்கள் ஆட்கள்’ என்னும் எல்லைக் கோடு பணப்பெட்டியைச் சுற்றியும் கீறப்படுவதுண்டு. முகாம்களிலிருந்து வந்து ஊரின் ஓரத்தில் வாழ்ந்த குடும்பங்கள் எச்சங்கத்தின் பட்டியலிலும் இடம்பெறாது போயின. இவ்வெல்லைக்கு அப்பால் நிற்கும் வறியோரைச் சிறு கடன் நிறுவனங்களே தேடி வந்தன. போரின் பின் வடக்கில் குடும்பத் தலைவியரான பெண்கள் பலர் வாராந்தத் தவணைக் கடனிற் சிக்கி, ஒரு கடனை அடைக்க மறு கடன் பெற்று மனமுடைந்த செய்தி நாடறிந்தது. 2018இல் அரசு ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது முற்றியது. பணமுடையும் மனநோவும் ஒரே வாசலால் நுழைகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆதலின் சங்க விதிகளிலே சந்தா செலுத்துவோர் யார் என்பதையும் உதவி பெறுவோர் யார் என்பதையும் வெவ்வேறு பிரிவுகளாக எழுதுதல் அவசியம். முன்னவர் பட்டியல் பின்னவர் பட்டியலுக்கு நிபந்தனையாதல் கூடாது.

இனிக் கணக்கைப் பற்றிச் சில கூறலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டு நிறுவனங்களின் பதிவையும் மேற்பார்வையையும் பற்றியது. சிறு சங்கங்கள் பிரதேச செயலகத்தோடு தொடர்புற்று நடப்பன. பதிவு இருந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. ஊரவர் நம்புவது பற்றுச்சீட்டை. 50 ரூபாவாயினும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தல், வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பமிடல், தனாதிகாரியும் கணக்காய்வாளரும் உறவினராயிராமை, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகையை வாசித்து அறிவித்தல் ஆகியவை சிறு செயல்கள் போலத் தோன்றும். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் களவால் அன்று. கணக்கு எழுதப்படாமையாற் பிறந்த ஐயத்தால். நேர்மையான தனாதிகாரி ஒருவர் மூன்றாண்டுக் கணக்கை மனத்திலே வைத்திருந்து, நான்காம் ஆண்டிற் பழிசுமந்து விலகுதல் யாழ்ப்பாணத்து ஊர்களிற் கேள்விப்படாத கதையன்று.

உதவி பெற்றோர் பெயர் ஐந்தொகையில் வருதல் தகாது. ‘குடும்பங்கள் 14’ என்று தொகை எழுதினாற் போதும். அரிசிப் பையைக் கையிற் கொடுத்துப் படம்பிடித்து, நன்கொடையாளர்க்கு அனுப்பும் வழக்கம் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளது. நன்கொடையாளர் ஆதாரம் கேட்பது இயல்பே. ஆனால், அப்படத்தைப் பாடசாலையில் உடன்பயிலும் மாணவர் தம் கைப்பேசியிற் கண்டபின், அவ்வீட்டுப் பிள்ளை எவ்வாறு தலைநிமிர்ந்து வகுப்பறை புகும்? மனத்தை ஆற்றப் புறப்பட்ட சங்கமே மனத்தைப் புண்படுத்தும் இடம் இது. கணக்காய்வாளர் மட்டும் பார்க்கும் பதிவேடு ஒன்றில் கையொப்பம் பெற்றால், ஆதாரமும் உண்டு, மானமும் உண்டு.

செலவுப் பக்கத்திலே தொண்டர் படி, போக்குவரத்து, பயிற்சி என்பவற்றைப் பல சங்கங்கள் நாணத்தோடு ‘ஏனைய செலவுகள்’ என்னும் தலைப்பில் ஒளித்து வைக்கின்றன. நன்கொடையெல்லாம் நேரே ஏழைக்கே சென்றது என்று கூறிக்கொள்ளும் ஆசையால் விளைவது இது. உளவளத்துணையைப் பொறுத்தவரை ஏழைக்குச் செல்வது அத்தொண்டரே. அவருடைய மிதிவண்டிக்கு மாற்றிய ரயரும், பேருந்துக் கட்டணமும், ஆண்டுக்கிருமுறை அவர் பெறும் பயிற்சியும் பணியின் புறச்செலவுகள் அல்ல. ‘வீடுகளுக்குச் சென்ற தடவைகள் இத்தனை; அதற்கான செலவு இவ்வளவு’ என்று முதலாவது வரியிலே எழுதி வாசிக்கும் துணிவு ஒரு தனாதிகாரிக்கு வேண்டும். முதலாண்டில் சபையிலிருந்து கேள்வி எழும். அக்கேள்விக்கு விடை கூறும்போதுதான், சங்கம் எதற்காக ஏற்பட்டது என்பதை உறுப்பினர் பலர் முதன்முறையாகக் கேட்பர்.